ஏரிப்பாசன நிலம் மனையாகாமல் காக்க: சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

வயலில் குத்துக்கல் நட்டு, கொடி கட்டி, 'மனைகள் விற்பனைக்கு' என்று பலகை வைத்த பிறகுதான் பெரும்பாலான ஊர்களில் பேச்சே ஆரம்பிக்கிறது. அதற்குள் முக்கியமானதெல்லாம் முடிந்திருக்கும். ஒரு நஞ்சை மனையாவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வாய்க்கால் எங்கோ ஓரிடத்தில் அடைபடும். கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களில், ஒரு போகம் போகும், அப்புறம் இரண்டு போகமும் போகும். கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலில் 'தரிசு' என்று ஏறும். நாலைந்து வருடம் இப்படியே போனால், 'இங்கே விவசாயமே நடப்பதில்லை' என்று யார் வேண்டுமானாலும் காகிதத்தைக் காட்டிச் சொல்லலாம். விலை பேசுவதும் கல் நடுவதும் கடைசியில்தான்.

அதனால் வாய்க்காலையும் பதிவேட்டையும் முன்கூட்டியே காப்பதில்தான் நம் நேரம் போக வேண்டும். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் அப்பா, தாத்தா நிலம் இப்போது கைக்கு வந்திருப்பவர்களுக்கும், ஊரில் ஏதாவது செய்யலாம் என்று புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் இதை எழுதுகிறேன். சட்டப் படிப்பு வேண்டியதில்லை. ஒரு தடித்த நோட்டு, ஒரு கோப்பு, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரின் துணை, இவை போதும்.

உங்கள் ஊர் யாருடைய வரைபடத்தில் இருக்கிறது?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-ல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். அரக்கோணம் பக்கம் வரை போய்விட்டது எல்லை. நேற்று வரை சாதாரணக் கிராமமாக இருந்த ஊர் இன்று பெருநகர்ப் பகுதிக்குள் இருக்கிறது. பல ஊர்களில் இது யாருக்கும் தெரியாது.

முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், நடைமுறையில் உள்ள பகுதி என்றால் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாட்டு வகை குறிக்கப்பட்டிருக்கும்: குடியிருப்பு, தொழிற்சாலை, விவசாயம் என்று. விவசாயம் என்று குறித்த இடத்தில் மனைப்பிரிவு போட வேண்டுமானால், முதலில் அந்த வகையை மாற்றித் தர விண்ணப்பிக்க வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஆட்சேபணை கேட்டு நாளிதழில் அறிவிப்பு வரும். அறிவிப்பில் குறித்த நாளுக்குள் நீங்கள் எழுதியாக வேண்டும்.

திட்டம் இல்லாத பகுதி என்றால் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 47-ஏ என்ற பிரிவும், அதன்கீழ் 2017-ல் வந்த விதிகளும் பொருந்தும். விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற உள்ளாட்சியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அதற்கு முன் நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவு வேண்டும். நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. வேளாண்மைத் துறையின் கருத்தையும் கேட்பார்கள். இந்த 'நஞ்சை' என்ற ஒரு சொல் பதிவேட்டில் இருப்பதால் எத்தனை படிகள் கூடுகின்றன என்று பாருங்கள். அதை எந்தக் காரணத்துக்காகவும் மாற விடாதீர்கள்.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழும (சிஎம்டிஏ) அலுவலகத்திலோ மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ சர்வே எண்ணைச் சொல்லி, அது எந்த வகையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதில் எதற்கும் உதவாது.

இன்னொன்று. இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்தது மூன்றாவது திட்டம். வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஓர் ஊரின் முழு ஆயக்கட்டையும், அதாவது ஏரிநீர் பாயும் நிலம் முழுவதையும், விவசாயம் என்று குறிக்கச் சொல்லிக் கேட்க இதைவிட நல்ல சமயம் கிடையாது. பின்னால் ஒவ்வொரு சர்வே எண்ணுக்காகவும் தனித்தனியாகப் போராடுவதை, அந்த இரண்டு மாதத்தில் ஒரே மனுவில் செய்துவிடலாம். உங்கள் பகுதிக்கு இனி எந்த வரைவு வந்தாலும் முதல் வாரத்திலேயே வரைபடத்தை வாங்கிப் பாருங்கள்.

கோப்பில் இருக்க வேண்டிய காகிதங்கள்

தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படம் எல்லாம் கிடைக்கும். உங்கள் நிலத்துக்கு மட்டும் எடுத்தால் போதாது. உங்கள் மடைக்கு, அதாவது வயலுக்கு நீர் திறந்துவிடும் வாய்க்கு, கீழ் உள்ள எல்லா சர்வே எண்களுக்கும் எடுங்கள். சலிப்பான வேலைதான். இரண்டு பேர் உட்கார்ந்தால் சில நாட்களில் முடிந்துவிடும்.

பழைய அ-பதிவேடுதான் இதில் உயிர். நஞ்சையா புஞ்சையா, எந்த ஏரியின் பாசனம், ஒருபோகமா இருபோகமா என்பதெல்லாம் அதில் இருக்கும். கணினிப் பதிவில் சில விவரங்கள் விடுபட்டிருக்கலாம். ஆகவே வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகல் கேட்டு மனுக் கொடுங்கள். இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

கிராம வரைபடத்தையும் வாங்கிவிடுங்கள். ஏரி, வரத்துக் கால்வாய், பாசன வாய்க்கால், போக்குக் கால்வாய், வண்டிப்பாதை, மேய்க்கால், மயானம் எல்லாம் அதில் கோடாகத் தெரியும். ஒரு பெரிய நகல் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அரசுப் புறம்போக்காக உள்ள வாய்க்கால்களை நீலத்தில் தீட்டுங்கள். பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும், தனி சர்வே எண் இல்லாத வாய்க்கால்களைச் சிவப்பில் தீட்டுங்கள். சிவப்பில் இருப்பவைதான் முதலில் காணாமல் போகும்.

வாய்க்காலோடு நடந்து போங்கள்

இந்த வேலையை யாரும் தவிர்க்க வேண்டாம். மழைக்காலம் முடிந்து ஏரியில் தண்ணீர் இருக்கும்போது, வயல்களுக்கு நீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியையோ அவர் இல்லாவிட்டால் பழக்கமுள்ள பெரியவர் ஒருவரையோ அழைத்துக்கொண்டு, மதகிலிருந்து கடைமடை வரை நடங்கள். அப்புறம் ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கிலிருந்து போக்குக் கால்வாய் அடுத்த ஏரியில் சேரும் இடம் வரை. பிறகு வரத்துக் கால்வாயில் எதிர்த்திசையில், தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அங்கே வரை. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகள் ஒன்றன் உபரி மற்றொன்றுக்குப் போகும்படி சங்கிலியாக அமைந்தவை. உங்கள் ஏரிக்கு ஆபத்து உங்கள் ஊர் எல்லைக்குள்தான் வரும் என்று இல்லை. இரண்டு ஊர் தள்ளி ஒரு கிடங்குக்காகச் சவுடு கொட்டி மேடாக்கினால், இங்கே ஏரி நிரம்பாது.

நடக்கும்போது கைப்பேசியில் படமெடுங்கள். தேதியும் இடமும் படத்தில் பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் சர்வே எண்ணை எழுதுங்கள். குழாய் போட்டு மூடிய இடம், மண் சரிந்த இடம், யாரோ வேலி போட்ட இடம், கழிவுநீர் விடும் இடம் எல்லாவற்றையும். பெரியவர்கள் சொல்லும் வாய்க்கால் பெயர்களையும் மடைப் பெயர்களையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓர் அதிகாரி 'அங்கே வாய்க்காலே இல்லையே' என்று சொல்லும்போது, பெயரும் எண்ணும் படமும் சேர்ந்து நிற்கும்.

ஏரி யாருடைய பொறுப்பு என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்து ஏரி. அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை, ஊரில் இன்னும் பொதுப்பணித் துறை என்றுதான் சொல்வார்கள். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நீர்வளத் துறையின் ஏரியில் ஆக்கிரமிப்பு என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். மேய்க்கால், குளம் போன்ற ஊர்ப் பொதுநிலம் என்றால், ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு கைகொடுக்கும். பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்கே திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று அதில் உத்தரவிட்டிருக்கிறார்கள். பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்கால் என்றால் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. 20 வருடம் தடையில்லாமல், ஒளிவுமறைவின்றி, உரிமையோடு தண்ணீர் கொண்டுபோன வழியை நிலத்துக்காரர் நினைத்தபடி அடைத்துவிட முடியாது. பெரியவர்கள் வாக்குமூலம் இங்கேதான் தேவைப்படும். அவர்கள் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே எழுதி வாங்கிக் கையெழுத்துப் பெற்றுவிடுங்கள்.

தூர்வாரலை மட்டும் அரசுக்கு விட்டுவிடாதீர்கள். வருடத்தில் ஒருநாள், சொர்ணவாரி நெல் அறுப்பு முடிந்து சம்பாவுக்கு முன்னால், ஊரே சேர்ந்து பாசன வாய்க்காலைச் சுத்தம் செய்யும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. உங்கள் ஊரில் விட்டுப்போயிருந்தால் திரும்பத் தொடங்குங்கள். ஓடுகிற வாய்க்காலை மூடுவதற்கு யாருக்கும் எளிதில் துணிச்சல் வராது.

அடங்கலில் தரிசு ஏற விடாதீர்கள்

கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலியிலும் சர்வே எண் வாரியாக என்ன பயிர் என்று எழுதும் கணக்குதான் அடங்கல். பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. நிலப் பயன்பாட்டை மாற்ற விண்ணப்பம் போகும்போது, இங்கே விவசாயம் நடக்கிறதா என்று கேட்டால் அதிகாரிகள் முதலில் திறப்பது இந்தக் கணக்கைத்தான். நேரில் வந்து வயலைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அடங்கலைப் பார்ப்பார்கள்.

நம்மவர்கள் பயிர்க் கடனுக்கும், பயிர் காப்பீட்டுக்கும், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடுவதற்கும் மட்டும்தான் அடங்கல் வாங்குகிறார்கள். கடனும் வேண்டாம், காப்பீடும் வேண்டாம் என்பவர் வாங்குவதே இல்லை. அவர் நிலத்துக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. நவரை, சொர்ணவாரி, சம்பா என்று எந்தப் போகம் வைத்தாலும் அந்தப் போகத்தில் அடங்கல் நகல் ஒன்று வாங்கிக் கோப்பில் போடுங்கள். இப்போது பயிர்க் கணக்கெடுப்பு மின்னணு முறையிலும் நடக்கிறது; கணக்கெடுக்க வருபவர்களோடு நீங்களும் வயலுக்குப் போய், சரியான சர்வே எண்ணில் சரியான பயிர் ஏறுகிறதா என்று பாருங்கள்.

தவறாகத் தரிசு என்று எழுதியிருந்தால் ஜமாபந்தியில் மனுக் கொடுங்கள். வருடாந்திரக் கணக்குத் தணிக்கைக்காக வருவாய்த் துறை மேலதிகாரிகளே தாலுகாவுக்கு வந்து உட்காரும் சமயம் அது, கோடையில் நடக்கும். அங்கே கொடுத்த மனுவுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

நெல் வைக்க முடியாத வருடத்திலும் நிலத்தைச் சும்மா விடாதீர்கள். உளுந்து, பச்சைப்பயறு, எள், கேழ்வரகு, எதுவும் முடியாவிட்டால் மாட்டுத் தீவனமாவது விதையுங்கள். வரவு பெரிதாக இருக்காது என்பது உண்மை. ஆனால் அந்தப் பசலியில் உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே ஒரு பயிரின் பெயர் இருக்கும்.

முதல் அறிகுறிகள்

வயலில் சவுடு கொட்டுவது, வரப்பை ஜேசிபி வைத்து நிரவுவது, வண்டிப்பாதை திடீரென்று அகலமாவது, ஊருக்குத் தொடர்பில்லாத கார்கள் அடிக்கடி வருவது: இவை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது பவர் பத்திரம். ஊரில் நாலைந்து பேர் ஒரே நபருக்குப் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தால், மனைப்பிரிவு வரப்போகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று பார்க்கலாம். உங்கள் மடையின் சர்வே எண்களை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து வையுங்கள். எல்லாமே அதில் தெரிந்துவிடாது. பெரும்பாலான நகர்வுகள் தெரியும்.

'பண்ணை நிலம்' என்ற பெயரில் பத்து சென்ட், இருபது சென்ட்டாக விற்பது இப்போது பெருகியிருக்கிறது. 2016 அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்ததால், அங்கீகாரமில்லாத மனையைப் பதிய சார்பதிவாளர் மறுக்க வேண்டும். அதனால் மனை என்று சொல்லாமல் விவசாய நிலம் என்றே சொல்லி, உள்ளே சாலை போட்டு விற்கிறார்கள். உள்சாலையும் வரிசை எண்ணும் இருந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் அது மனைப்பிரிவுதான். படத்தோடும் விளம்பரத்தாளோடும் சார்பதிவாளருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் கடிதம் போகட்டும்.

ஆட்சேபணை எப்படி எழுதுவது?

உணர்ச்சியைக் குறைத்து எண்களைக் கூட்டுங்கள். 'எங்கள் வாழ்வாதாரம் அழிகிறது' என்று முழுப் பக்கம் எழுதியிருப்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் கோப்பில் குறிப்பு எழுதும் அலுவலர் அதிலிருந்து எடுத்து எழுத ஒரு வரியும் இருக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"மேற்படி சர்வே எண்கள் எங்கள் ஊர்ப் பெரிய ஏரியின் இரண்டாம் மதகுப் பாசனத்தில் உள்ள நஞ்சை. கடந்த ஐந்து பசலிகளின் அடங்கல் நகல்கள் இணைப்பு 1. இந்த சர்வே எண்ணின் கிழக்கு ஓரமாகச் செல்லும் வாய்க்கால் வழியாகவே கீழே உள்ள வயல்களுக்குத் தண்ணீர் போகிறது. வரைபடமும் படங்களும் இணைப்பு 2. இந்த நிலத்தை மேடாக்கினால் கீழுள்ள வயல்களுக்குப் பாசனமும், மேலுள்ள வயல்களுக்கு வடிகாலும் நின்றுபோகும். ஆகவே பயன்பாட்டு மாற்றத்துக்கு இசைவு அளிக்க வேண்டாம் என்றும், முடிவெடுக்கும் முன் நேரடி ஆய்வில் எங்களையும் அழைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வரி முக்கியம். ஆய்வுக்கு வரும்போது நீங்களும் அங்கே இருக்க வேண்டும்.

இதை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) சேர்ப்புச் சான்றோடு அனுப்புங்கள். ஒரு நகல் ஆட்சியருக்கு, ஒன்று வேளாண்மை இணை இயக்குநருக்கு, ஒன்று ஏரிக்குப் பொறுப்பான பொறியாளருக்கு. மாதம் ஒருமுறை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்திலும் இதையே நேரில் கொடுங்கள். அங்கே எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள், ஆட்சியர் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆள் சேர்த்துக் கூச்சல் போடுவதைவிட, ஐந்து பேர் போய் ஒவ்வொருவரும் ஒரு தனி சர்வே எண்ணைப் பற்றிப் பேசுவது அதிகம் வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் ஊரறிய அறிவிப்பு வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வாய்க்கால் வரைபடத்தையும் அடங்கல்களையும் 'எதிர்காலத்தில் விண்ணப்பம் வந்தால் கருத்தில் கொள்ள' என்று எழுதி இப்போதே அவர்கள் கோப்பில் சேர்த்து வைக்கலாம்.

கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரி, வாய்க்கால் பற்றிய தீர்மானத்துக்கு அந்தக் கூட்டமே பொருத்தம். பொருளை ஒரு வாரம் முன்னதாக ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்று திடீரென்று எழுந்து பேசினால் 'அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்' என்றுதான் சொல்வார்கள்.

தீர்மானத்தில் மதகின் பெயர், வாய்க்காலின் சர்வே எண்கள், ஆயக்கட்டின் பரப்பு எல்லாம் இருக்க வேண்டும். 'விவசாயத்தைக் காக்க வேண்டும்' என்று பொதுவாகப் போட்ட தீர்மானத்தால் யாருக்கும் எந்தக் கடமையும் வராது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் யாரும் போட வேண்டாம். சான்றிட்ட நகல் வாங்குங்கள்.

இந்தத் தீர்மானம் ஒன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிடாது. பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022-ல் அறிவிக்கப்பட்டதிலிருந்து அதற்காக நிலம் இழக்கவிருக்கும் ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அரசு திட்டத்தைத் தொடர்கிறது. ஆனாலும் அந்த ஊரின் மறுப்பு அரசு ஆவணத்திலேயே இருக்கிறது. சம்மதித்துத்தான் கொடுத்தார்கள் என்று நாளைக்கு யாரும் எழுத முடியாது.

ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது, தாம்பரம் 2021-ல். நகரை ஒட்டிய ஊராட்சிகளை மாநகராட்சியிலோ நகராட்சியிலோ சேர்க்கும் பேச்சு அடிக்கடி வருகிறது. சேர்ந்தால் கிராம சபை போய்விடும், ஊரக வேலைத் திட்டமும் போய்விடும், சொத்து வரி வரும். சேர்ப்பதற்கு முன் கருத்துக் கேட்கும்போதே ஆயக்கட்டைக் காரணம் காட்டி எழுதுங்கள்.

அரசே நிலம் எடுக்க வந்தால்

நோட்டீஸ் வந்ததும் எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள். 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் என்றால் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு, முதல்நிலை அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். பாசன வசதியுள்ள பலபோக நிலத்தைக் கடைசி வழியாக மட்டுமே எடுக்கலாம் என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் அடங்கல்கள் இங்கேயும் சாட்சி. ஆனால் சாலை, ரயில் பாதை, கால்வாய் போன்ற நீள்வாட்டுத் திட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது.

தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்கச் சட்டமோ 2001-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டமோ என்றால் நிலைமை வேறு. இவற்றுக்குத் தாக்க மதிப்பீடு பொருந்தாது; இழப்பீட்டுக் கணக்கு மட்டும் மத்தியச் சட்டப்படி. இதற்கான மாநிலத்தின் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அதனால் நோட்டீஸில் உள்ள ஆட்சேபணை நாளைத் தவறவிட்டால் திரும்ப வாய்ப்பு வருவது கடினம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகளும் உள்ளடங்கிய பெரிய திட்டங்களுக்கென 2023-ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் ஒன்றும் வந்திருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்தால் உடனே வழக்கறிஞரிடம் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நம் பக்கத்துக்குக் கிடையாது, அது காவிரிப் படுகைக்கு. அங்கேயும் அது தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் உருக்காலை, தோல் ஆலை போன்ற சில தொழில்களையும்தான். வீட்டுமனைகள் அந்தப் பட்டியலில் இல்லை.

விற்க நினைப்பவரோடு பேசுவது

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். விற்பவரை ஊருக்குத் துரோகி என்று பேசுகிற பழக்கத்தை முதலில் விட வேண்டும். மகள் கல்யாணம், மருத்துவச் செலவு, ஆள் கிடைக்காமை, நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு வரப்பு எதுவென்றே தெரியாத நிலை என்று அவருக்குக் காரணம் இருக்கிறது. அவர் நிலத்தை அவர் விற்க உரிமையும் இருக்கிறது. நாம் செய்யக்கூடியது, மனைக்காரர் வருவதற்கு முன் வேறு வழி ஒன்றை அவர் முன்னால் வைப்பது.

பணம் ஒரு பகுதிக்குத்தான் தேவை என்றால், அரை ஏக்கரை ஊருக்குள்ளேயே, அந்த மடையில் பயிர் செய்கிறவருக்கு விற்கச் சொல்லலாம். பாகப்பிரிவினை ஆகாத குடும்பம் என்றால் ஒரு பங்காளி அவசரத்தில் விற்பதற்கு முன் மற்றவர்களிடம் கேட்க வேண்டும் என்று இப்போதே எழுதிப் பதிந்துகொள்ளலாம். உழ ஆள் இல்லை என்றால் குத்தகைக்கு விடலாம். 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, நிலம் திரும்பாதோ என்ற பயத்தில்தான் பலர் தரிசாகவே போடுகிறார்கள். பயத்தைப் போக்க வாய்ப்பேச்சு உதவாது. இருவரும் ஒரு வழக்கறிஞர் முன் உட்கார்ந்து, சட்டம் யாருக்கு என்ன தருகிறது என்று கேட்டு, எழுத்தில் செய்துகொள்ள வேண்டும். உழுகிறவரின் உரிமையை மறைத்துச் செய்யும் ஏற்பாடு நீடிக்காது.

வரி விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. விவசாய நிலத்தை விற்றால் வரியே இல்லை என்பது கிராமப்புற நிலத்துக்கு மட்டும். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகராட்சி, மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 8 கிலோமீட்டருக்குள் என்றால் மூலதன ஆதாய வரி உண்டு. ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர். இரண்டு வருடம் பயிர் செய்த நிலத்தை விற்று, இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்குக் கிடைக்கும். புரோக்கர் சொல்லும் தொகையிலிருந்து வரியைக் கழித்துக் காட்டினாலே சிலர் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

இருந்து பயிர் செய்பவருக்கு வரவு கூட வேண்டும். அது இல்லாமல் மற்றதெல்லாம் சில வருடம்தான் தாங்கும். நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் நமக்குள்ள பலம். காலையில் பறித்த கீரை அதே காலையில் சந்தைக்குப் போய்விடும். தொலைவிலிருந்து வருபவருக்கு அது முடியாது. கீரை, கொத்தமல்லி, வெண்டை, மல்லிகை, சாமந்தி என்று ஒரு பகுதியிலாவது போட்டு, உழவர் சந்தைக்கு அடையாள அட்டை வாங்குங்கள். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினால் கூலி மிச்சம்.

கிணற்றுத் தண்ணீரை லாரிக்கு விற்பது மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் நகரத்தின் குடிநீருக்காக நிலத்தடி நீரை எடுத்த வரலாறு நம் கண் முன்னால் இருக்கிறது. மீஞ்சூரில் கடல்நீர் உள்ளே வந்து கிணறுகள் உப்பாகிவிட்டன. லாரிக்குத் தண்ணீர் விற்கும் கிணறு பக்கத்து வயலின் கிணற்றையும் சேர்த்துத்தான் இறக்குகிறது. அங்கே தரிசு விழும், அடங்கலில் ஏறும், அதன் பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும்.

நகரத்தில் இருந்து மனை வாங்க வருபவர்களுக்கு

அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த சர்வே எண்ணின் பழைய அ-பதிவேட்டைக் கேளுங்கள். ஏரிப்பாசன நஞ்சை என்று இருந்தால் நிலப் பயன்பாட்டு மாற்ற ஆணையின் நகலைக் கேளுங்கள். கிராம வரைபடத்தில் வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னையைச் சுற்றித் தண்ணீர் நின்ற எத்தனையோ இடங்கள் பழைய வரைபடத்தில் நீர்வழியாகவும் தாழ்ந்த வயலாகவும் இருந்தவை. விற்பவரிடம் கேட்பதைவிட, பக்கத்து வயலில் வேலை செய்பவரிடம் 'மழையில் இங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும்?' என்று கேளுங்கள். இடுப்பளவு என்று கை காட்டினால் வேறு இடம் பாருங்கள்.